மக்களின் மகிழ்ச்சி

பிரேசில் நாட்டுக் கால்பந்து வீரர் கரிஞ்சா, பிறவியிலேயே வளைந்த கால்களை உடையவர். இளமையில் நூலாலையில் உழைத்தவர். 1958ஆம் ஆண்டு உலகக் கோப்பையை வென்ற அணியில் அவரும் ஒருவர். 1962இல் பெலே காயமுற்று விலகியபோது, அணியின் பெரும்பாரத்தைத் தாங்கி மீண்டும் வெற்றி தேடித் தந்தார். ‘மக்களின் மகிழ்ச்சி’ என்று அவரை ஏழை எளியோர் கொண்டாடினர்.

ஆட்டம் ஓய்ந்தபின் மதுப்பழக்கமும் வறுமையும் அவரை வாட்டின. 1983 ஜனவரி 20ஆம் நாள், 49ஆம் வயதில் மறைந்தார். ரியோ நகரின் மரக்கானா விளையாட்டரங்கில் வைக்கப்பட்ட அவரது உடலைக் காண மக்கள் திரள்திரளாக வந்து கண்ணீர் உகுத்தனர்.

அக்கண்ணீர் மெய்யன்பின் அடையாளமே. ஆயினும், வென்ற நாளில் வீரனைத் தோளில் சுமக்கும் சமுதாயம், அவன் தளர்ந்த நாளில் கைகொடுத்ததா? வரலாறு படிப்போர் இவ்வினாவையும் எழுப்புதல் வேண்டும்.