ஹெரால்டு காரின் கியர் லிவரும் ஒரு சின்ன புஷ்ஷும்



நம் பள்ளியில் படித்த ஒருவர் ஆசைப்பட்டு ஒரு பழைய ஸ்டாண்டர்டு ஹெரால்டு கார் வாங்கியிருக்கிறார். அதன் கியர் லிவர், விழப்போகும் பல் மாதிரி நாலு பக்கமும் ஆடுகிறதாம். பார்த்தவர்கள் எல்லாம் "கியர்பாக்ஸ் போச்சு, வேற பாக்ஸ் தேடுங்க" என்கிறார்களாம். "சார், நீங்க சரித்திர வாத்தியார்தான், இருந்தாலும் கேட்கிறேன்" என்று போன் செய்தார். சரியான ஆளிடம்தான் கேட்டிருக்கிறார். அந்த லிவர் ஆடுவதற்கான காரணம் பாதி பட்டறையில் இருக்கிறது, மீதிப் பாதி சரித்திரத்தில் இருக்கிறது.

முதலில் சரித்திரம். சுதந்திரம் கிடைத்த மறு ஆண்டு, 1948-ல், சென்னையின் யூனியன் கம்பெனியும் இங்கிலாந்தில் கோவென்ட்ரி நகரத்து ஸ்டாண்டர்டு மோட்டார் கம்பெனியும் சேர்ந்து 'ஸ்டாண்டர்டு மோட்டார் புராடக்ட்ஸ் ஆஃப் இந்தியா' நிறுவனத்தைத் தொடங்கின. வண்டலூர்ப் பக்கம் தொழிற்சாலை. 1953-ல் சுங்கவரி ஆணையம் ஒரு பரிந்துரை செய்தது: பாகங்களைக் கொண்டுவந்து பூட்டி விற்பது மட்டும் போதாது, இங்கேயே தயாரிக்கும் திட்டம் உள்ளவர்கள்தான் தொழிலில் இருக்கலாம். அதற்குப் பிறகு ஃபோர்டும் ஜெனரல் மோட்டார்ஸும் மூட்டை கட்டின. நம் சென்னைக் கம்பெனி நின்றது.

1961-ல் அங்கிருந்து ஹெரால்டு வந்தது. இங்கிலாந்தில் 1959-லேயே டிரையம்ப் ஹெரால்டு என்ற பெயரில் வெளிவந்த வண்டி அது. வடிவமைத்தவர் இத்தாலியரான ஜியோவானி மிக்கெலோட்டி. 948 சி.சி. எஞ்சின். முன்பக்க மூடி முழுவதும், சக்கரத்தின் மேல் உள்ள தகடு உட்பட, முன்னோக்கிச் சாய்ந்து திறக்கும். 25 அடி வட்டத்துக்குள் திரும்பிவிடும். நம் ஊர்த் தெருவில் மாட்டுவண்டி திரும்பும் இடத்தில் இதுவும் திரும்பும் என்று வைத்துக்கொள்ளுங்கள்.

அப்போது நம் நாட்டில் ஓடிய மற்ற இரண்டு கார்களான அம்பாசிடரிலும் ஃபியட்டிலும் கியர் லிவர் ஸ்டியரிங் தண்டோடு ஒட்டியிருக்கும். ஹெரால்டில் மட்டும் தரையிலிருந்து எழும்பிய குட்டையான லிவர். ஓட்டுகிறவர் கையைத் தொங்கவிட்டால் தானாக அதன் தலையில் போய் அமரும். இதே ஹெரால்டின் சட்டத்தைக் குறுக்கித்தான் 1962-ல் இங்கிலாந்தில் டிரையம்ப் ஸ்பிட்ஃபயர் என்ற ஸ்போர்ட்ஸ் கார் பிறந்தது. ஸ்போர்ட்ஸ் கார் வாங்க வழியில்லாத நம் நாட்டில், அதற்கு மிக நெருங்கிய உறவுக்காரன் இந்தக் குடும்ப வண்டிதான். இரண்டாம் உலகப்போர்க் காலத்து விமான ஓடுதளமான சோழவரத்தில் கார் பந்தயம் நடந்த நாட்களில், ஹெரால்டுகளும் அங்கே சீறியது சும்மா இல்லை.

இப்போது பட்டறைக்கு வருவோம். கியர்பாக்ஸ் முன்னால், எஞ்சினுக்குப் பின்புறம் இருக்கிறது. ஓட்டுநரின் கை அதற்கும் பின்னால் இருக்கிறது. கைக்குப் பக்கத்தில் லிவர் வேண்டும் என்பதற்காக, பாக்ஸின் மேல்மூடியைப் பின்பக்கம் நீட்டி, அதன் கடைசியில் லிவரை நட்டார்கள். லிவரின் அசைவை ஒரு தண்டு முன்னால் கொண்டுபோய் உள்ளே இருக்கும் கியர்களுக்குச் சொல்கிறது. தண்டு இணையும் இடத்தில் சின்னச் சின்ன புஷ்கள். லிவரின் கீழே ஒரு குமிழ், அது உட்கார ஒரு நைலான் கிண்ணம், மேலிருந்து அழுத்த ஒரு ஸ்பிரிங். ஸ்பிட்ஃபயரிலும் இதே ஏற்பாடுதான், ஆகவே அதே வியாதிதான்.

இந்த ரப்பரும் நைலானும் ஐம்பது அறுபது வருஷம் இருக்கப் பிறந்தவை அல்ல. சூட்டிலும் எண்ணெயிலும் தேய்ந்து சுருங்கும். ஒவ்வொரு இணைப்பிலும் அரை மில்லிமீட்டர் 'பிளே' விழுந்தால் போதும். மூன்று இணைப்பில் ஒன்றரை மில்லிமீட்டர். லிவரின் மேல்பாதி கீழ்ப்பாதியைப்போல் ஐந்து மடங்கு நீளம் என்றால், கைப்பிடியில் அது ஏழரை மில்லிமீட்டராகத் தெரியும். ஏழாம் வகுப்பில் படித்த நெம்புகோல் விதிதான். இத்தனைக்கும் உள்ளே இருக்கும் பல்சக்கரங்கள் பழுதில்லாமல் இருக்கலாம்.

ஆகவே, தம்பி, பாக்ஸைக் கழற்றுவதற்கு முன் இதைச் செய். வண்டிக்குள் இருந்தபடியே கியர்பாக்ஸ் மேல் உள்ள மூடியை எடுத்துவிடலாம். நியூட்ரலில் வைத்து லிவரை மெதுவாக ஆட்டு. இன்னொருவர் முன்னால் உள்ள தண்டைப் பார்க்கட்டும். லிவர் நகர்ந்தும் தண்டு நகரவில்லை என்றால் குற்றம் புஷ்ஷிலும் குமிழிலும்தான். கியர்பாக்ஸைத் தாங்கும் ரப்பர் மவுண்டையும் பார். அது கிழிந்திருந்தால் பாக்ஸோடு சேர்ந்து லிவரும் துள்ளும். ஆனால் ஓடும்போது கியர் தானாக நழுவி வெளியே வந்தால், அல்லது கிளட்சை முழுக்க மிதித்தும் மேல் கியர்கள் கரகரத்தால், அது வேறு கதை. அப்போது உள்ளே திறக்கத்தான் வேண்டும். ஒன்று நினைவில் வை: இந்த வண்டியின் முதல் கியருக்கு சின்க்ரோமெஷ் கிடையாது. நின்ற பிறகுதான் முதல் கியர் போட வேண்டும். ஓடும்போது போட்டுவிட்டு "பாக்ஸ் கத்துது" என்று சொல்லக்கூடாது.

புஷ் எங்கே கிடைக்கும் என்று கேட்பாய். மறுபடியும் சரித்திரம். இங்கிலாந்தில் ஸ்டாண்டர்டு என்ற பெயரே 1963-ல் முடிந்துபோனது. டிரையம்ப் மட்டும் மிஞ்சியது. பெற்ற ஊரில் மறைந்த பெயர் நம் சென்னையில்தான் தொடர்ந்து வாழ்ந்தது. அங்கே ஹெரால்டு 1971-ல் நின்றது. இங்கே அதன் வாரிசான கெசல் 1972-ல் வந்து 1977-ல் நின்றது. 1985-ல் வந்த ஸ்டாண்டர்டு 2000-மும் 1988-க்கு மேல் நிலைக்கவில்லை. கம்பெனி போயிற்று, வண்டிகள் இருந்தன. வெளிநாட்டுப் பாகத்துக்கு இறக்குமதி உரிமம் வேண்டிய காலம் வேறு. அந்த இடைவெளியை நிரப்பியவர்கள் லேத் பட்டறைக்காரர்கள்.

நான் கல்லூரியில் படித்த காலத்தில் திருவண்ணாமலையில் ஒரு டாக்டரின் ஹெரால்டுக்கு அப்படி வேலை நடந்ததைப் பார்த்திருக்கிறேன். பகலெல்லாம் பம்புசெட் ஷாப்ட் கடையும் அண்ணன் ஒருவர், தேய்ந்த புஷ்ஷை விரலில் உருட்டி, உள்ளும் வெளியும் அளந்து, நைலான் உருளையிலிருந்து புதியது கடைந்தார். "தேய்ஞ்ச அளவை எடுக்கக் கூடாது தம்பி, தேயாத அளவைக் கண்டுபிடிக்கணும்" என்றார். அதற்கு அவர் எதிர்த் துண்டான இரும்புக் கம்பியில், புஷ் படாத இடத்தை அளந்தார். சரித்திரம் படிப்பவனுக்கும் அதே பாடம்தான் என்று பின்னாளில் வகுப்பில் பலமுறை சொல்லியிருக்கிறேன். உங்களில் சிலருக்கு ஞாபகம் இருக்கலாம்.

தீபத் திருவிழாவில் ஏழாம் நாள் பெரிய தேரைப் பார்த்திருப்பீர்கள். ஆயிரக்கணக்கானோர் வடம் பிடித்தாலும், தேர் திரும்புவதும் நிற்பதும் சக்கரத்தடியில் முட்டுக்கட்டை போடுபவர் கையில்தான் இருக்கிறது. தொழிற்சாலை, உரிமம், ஆணையம் என்று பெரிய பெயர்கள் எல்லாம் ஹெரால்டின் வடம். அதை இன்றுவரை ஓட வைத்திருப்பது பெயர் தெரியாத கைகள் கடைந்த முட்டுக்கட்டைகள்.

அதனால் அந்தப் பழைய பாக்ஸை இரும்புக் கடைக்கு அனுப்பிவிடாதே, தம்பி. புஷ்ஷை மாற்றி, குமிழுக்குக் கிரீஸ் வைத்து, ஸ்பிரிங்கைப் பார்த்துப் பூட்டு. கழற்றிய பழைய புஷ்ஷையும் எறியாமல் ஒரு டப்பாவில் போட்டு வை. அடுத்து கடைகிறவருக்கு அதுதான் ஆதாரம்.

வண்டி தயாரானதும் செஞ்சி ரோட்டில் ஒரு சுற்று வா. கீழ்பென்னாத்தூரில் நம் வீட்டுக் கதவு திறந்தே இருக்கும்.