நெய்யூர் மருத்துவமனையும் வாய்ப்புற்று மருத்துவமும்

நெய்யூர் மருத்துவமனை கன்னியாகுமரி மாவட்டத்தில் திங்கள்நகர் அருகே இலண்டன் மிஷனரி சங்கம் தொடங்கிய மருத்துவமனை. கோட்டாற்றுக்கு மேற்கே, பழைய தென் திருவிதாங்கூரில் இருந்த இம்மருத்துவமனைக்குப் பிரிட்டனிலிருந்து பல மருத்துவர்கள் வந்து தங்கிப் பணியாற்றினர். பொது மருத்துவத்துக்கும் அறுவை சிகிச்சைக்கும் வந்த இவர்களைப் புற்றுநோய் மருத்துவத்தின் பக்கம் திருப்பியவர்கள் இவ்வூர் நோயாளிகளே. வாய்ப்புற்று பற்றிய உலகின் தொடக்ககால ஆவணங்களில் சில இங்கிருந்து எழுதப்பட்டவை.

தொடக்கம்

1838-இல் ஆர்ச்சிபால்ட் ராம்சே நெய்யூரில் மருத்துவப் பணியைத் தொடங்கினார். அவருக்குப் பின் வந்த சார்லஸ் லெய்ச் 1854-இல் கடலில் மூழ்கி இறந்தார். 1861-இல் வந்த ஜான் லோ பணிக்கு மீண்டும் உயிரூட்டினார். உள்ளூர் இளைஞர்களுக்கு மருத்துவ வகுப்பும் நடத்தினார். சுற்றுவட்டாரம் முழுவதற்கும் சிகிச்சை சென்று சேர இந்த வகுப்பு வழி செய்தது.

நோயும் பழக்கமும்

கோட்டாறு கம்போளம் (சந்தை) நாஞ்சில் நாட்டின் பழைய வணிக மையம். அதைச் சுற்றியுள்ள ஊர்களில் வெற்றிலை பாக்கு இல்லாமல் விருந்தோ சடங்கோ நிறைவு பெறாது. வெற்றிலை, பாக்கு, சுண்ணாம்பு ஆகியவற்றோடு புகையிலையும் சேரும்போதுதான் ஆபத்து மிகக் கூடுகிறது. யாழ்ப்பாணப் புகையிலைக்குத் திருவிதாங்கூர் நெடுங்காலம் முக்கியச் சந்தையாக இருந்தது.

மென்றதைக் கன்னத்துக்கும் ஈறுக்கும் இடையே அடக்கி வைப்பது வழக்கம். பெரும்பாலும் அந்த இடத்திலேயே நோய் தொடங்குகிறது. முதலில் வெள்ளையாகவோ சிவப்பாகவோ ஒரு படலம் தெரியும். பிறகு காரம் பட்டால் எரியும்; ஆறாத புண் உண்டாகும்; வாயை முழுதாகத் திறக்க முடியாமல் போகலாம். கவனிக்காமல் விட்டால் கழுத்தில் நெறி கட்டும்.

ஆய்வுகள்

1908-இல் பிரிட்டிஷ் மெடிக்கல் ஜர்னல் இதழில் நெய்யூர் மருத்துவர்களின் இரண்டு கட்டுரைகள் வெளிவந்தன. வாய்ப்புற்றுக்குச் செய்யப்பட்ட 209 அறுவை சிகிச்சைகளை ஆர்தர் ஃபெல்ஸ் பகுத்தாய்ந்தார். வில்லியம் பென்டால் திருவிதாங்கூரின் 1,700 புற்றுநோயாளிகளைப் பற்றித் தொகுத்து எழுதினார். 1933-இல் மருத்துவர் ஐ. எம். ஆர் (I. M. Orr), திருவிதாங்கூரில் வெற்றிலை போடுவோரின் வாய்ப்புற்றைப் பற்றி லான்செட் இதழில் எழுதினார். நோயின் காரணம், அது திசுவில் உண்டாக்கும் மாற்றம், சிகிச்சை ஆகிய மூன்றையும் அக்கட்டுரை ஆராய்ந்தது. பிற்கால ஆய்வாளர்கள் இன்றுவரை அதை மேற்கோள் காட்டுகிறார்கள்.

சோமர்வெல்

நெய்யூர் மருத்துவர்களில் பெரும்புகழ் பெற்றவர் தியோடர் ஹோவர்ட் சோமர்வெல் (1890–1975). இங்கிலாந்தின் கெண்டலில் பிறந்து, கேம்பிரிட்ஜிலும் இலண்டனிலும் படித்தவர். முதல் உலகப் போரில் காயம்பட்ட வீரர்களுக்கு அறுவை சிகிச்சை செய்தவர். மலையேறுபவராக அவர் சென்ற 1922 எவரெஸ்ட் பயணம் முடிந்தபின் இந்தியாவைச் சுற்றி வந்தபோது நெய்யூருக்கும் வந்தார். ஒரே அறுவை மருத்துவர் பெருங்கூட்டத்தைச் சமாளிப்பதைக் கண்டு, இலண்டனில் காத்திருந்த வாய்ப்பை உதறிவிட்டு இங்கேயே பணியில் சேர்ந்தார். இரைப்பை, முன்சிறுகுடல் புண் சிகிச்சையில் வல்லவரான அவரிடம் வாய்ப்புற்று நோயாளிகளும் வந்தனர். பின்னாளில் வேலூர் கிறிஸ்தவ மருத்துவக் கல்லூரியில் கற்பித்தார்.

பிற்கால வளர்ச்சி

1947-இல் தென்னிந்தியத் திருச்சபை உருவானபின் மருத்துவமனை அதன் நிர்வாகத்துக்கு வந்தது. 1956 நவம்பர் 1-இல் இப்பகுதி தமிழகத்தோடு இணைந்தது. இன்று நெய்யூரில் பன்னாட்டுப் புற்றுநோய் மையம் இயங்குகிறது.

உலக சுகாதார நிறுவனத்தின் புற்றுநோய் ஆய்வு முகமை, புகையிலை சேர்த்த வெற்றிலை புற்றுநோயை உண்டாக்கும் என்று 1985-இல் அறிவித்தது. புகையிலை சேராத வெற்றிலை பாக்கும், பாக்கு மட்டுமேகூடப் புற்றை உண்டாக்கும் என்பதை 2004-இல் வெளியான அதன் தொகுதி உறுதிப்படுத்தியது.

முக்கியத்துவம்

வாய்ப்புற்றை ஆரம்பத்திலேயே கண்டறிய விலையுயர்ந்த கருவி தேவையில்லை. நல்ல வெளிச்சமும் பயிற்சி பெற்ற கண்ணும் போதும். திருவனந்தபுரம் மாவட்டத்தில் நடந்த பெரும் ஆய்வு இதை மெய்ப்பித்தது. சுகாதாரப் பணியாளர்கள் வாயைப் பார்த்துச் சோதித்ததால், புகையிலை அல்லது மதுப் பழக்கம் உள்ளோரிடையே வாய்ப்புற்று இறப்பு 34 சதவீதம் குறைந்ததாக 2005-இல் லான்செட் இதழில் முடிவு வெளியானது. முற்றிய நிலையில் வந்தவர்களுக்குக் கத்தியால் மட்டுமே உதவ முடிந்த காலத்தில் நெய்யூர் மருத்துவர்கள் நோயாளிகளின் விவரத்தைப் பதிவு செய்தார்கள். நோய் முற்றும் முன்பே தடுக்கும் இன்றைய முயற்சிக்கு அந்தப் பதிவுகள் முன்னோடியாக அமைந்தன. வாயில் இரண்டு வாரத்துக்கு மேல் ஆறாத புண் இருந்தால் உடனே மருத்துவரிடம் காட்ட வேண்டும்.