நில அளவரும் சோழிக் கணக்கரும்: ஜான் வாரனின் பணிவாழ்வு

கோலார் தங்கவயலின் வரலாற்றை எழுதுவோர் பலரும் அதனை 1871ஆம் ஆண்டில் தொடங்குவர். நியூசிலாந்துப் போரில் பணியாற்றிப் பின்னர்ப் பெங்களூரில் குடியமர்ந்திருந்த மைக்கேல் ஃபிட்ஸ்ஜெரால்ட் லவல் என்னும் அயர்லாந்துப் படைவீரர் அவ்வாண்டில்தான் மாட்டுவண்டியில் கோலாருக்குச் சென்று நிலத்தை ஆராய்ந்தார். 1875இல் மைசூர் அரசின் சுரங்க உரிமம் அவருக்குக் கிடைத்தது. 1880இல் ஜான் டெய்லர் நிறுவனத்தார் உள்ளே வந்தனர். அதன் பின்னர் 2001 பிப்ரவரி 28 அன்று சுரங்கம் மூடப்பட்டது வரையிலான செய்திகள் பலராலும் எழுதப்பட்டுள்ளன. எனினும் லவலைக் கோலாருக்கு இழுத்தது அவருக்கு எழுபது ஆண்டுகள் முன்பு ஒரு நில அளவர் எழுதிய குறிப்பு ஆகும். அக்குறிப்பை எழுதிய ஜான் வாரன், தங்கவயல் வரலாறுகளில் ஓரிரு வரிகளில் வந்து மறைகிறார். வானியல் வரலாற்றில் அவருக்கு வேறோர் இடம் உண்டு. தமிழ்க் காலக்கணிப்பை ஐரோப்பிய மொழியொன்றில் முதன்முதலாக விரிவாக எழுதியவருள் அவர் ஒருவர். இவ்விரு பணிகளும் ஒரே மனிதருடையவை என்பதைச் சேர்த்துக் காண்போர் குறைவு. சேர்த்துக் காணும்போது, ஒருவர் பிறர் வாய்மொழியைக் கேட்டு எழுதும்போது எது ஏட்டில் ஏறுகிறது, எது நழுவுகிறது என்னும் மொழியியல் வினா எழுகிறது.

வாரன் பிறப்பால் ஆங்கிலேயர் அல்லர். 1769இல் இத்தாலியின் லிவோர்னோ நகரில் பிறந்தவர்; இயற்பெயர் ழான் பாப்டிஸ்ட் ஃபிரான்சுவா ழோசஃப் த வாரன். முன்னோர் அயர்லாந்திலிருந்து பெயர்ந்து பிரெஞ்சுச் சேவையில் நிலைத்த குடியினர். பிரெஞ்சுப் புரட்சி பல உயர்குடியினரை நாட்டைவிட்டுத் துரத்திய காலத்தில் இவரும் வெளியேறி, இந்தியாவில் ஆங்கிலப் படையில் சேர்ந்தார். 'ழான்' 'ஜான்' ஆயிற்று. இவர் பணியாற்றிய 33ஆம் காலாட்படைப் பிரிவு ஆர்தர் வெல்லெஸ்லியின் பிரிவு. 1799இல் சீரங்கப்பட்டினப் போரில் ஈடுபட்டது. வில்லியம் லாம்டனும் அப்பிரிவினரே. திப்புவின் வீழ்ச்சிக்குப்பின் புதிதாக வரையப்பட்ட மைசூர் நாட்டின் எல்லைகளை அளந்து நிறுவும் பணி எழுந்தபோது, வாளை விடுத்து அளவைக் கருவியை ஏந்தியவருள் வாரனும் ஒருவர்.

1802இல் மைசூரின் கீழ் எல்லையை அளந்துகொண்டிருந்தபோது, எர்ரகொண்டா மலையை ஒட்டிய பகுதியில் மண்ணில் பொன் கிடைக்கிறது என்னும் பேச்சு அவர் காதில் விழுந்தது. இடத்தைக் காட்டுவோர்க்குப் பரிசு தருவதாக அறிவித்தார். மக்கள் முன்வந்தனர். உரிகத்துப் பெண்கள் துடைப்பமும் முறமும் கொண்டு மேல்மண்ணைக் கூட்டி அள்ளி, நீரில் அலசிப் பொற்றுகளைப் பிரித்துக் காட்டினர். மாரிக்குப்பத்தில் நிலத்தடிக் குழிகளையே அவர் கண்டார். ஒடுக்கப்பட்ட குடியைச் சேர்ந்த தொழிலாளர் அவற்றினுள் இறங்கிக் கல்லைப் பெயர்த்தனர். கூடைகள் கைமாறிக் கைமாறி மேலே வந்தன. பெண்கள் அக்கல்லைப் பாறைமீது வைத்து இடித்துப் பொடியாக்கினர். ஐம்பது கிலோவுக்கு மேற்பட்ட மண்ணுக்கு ஒரு கிரெயின், அதாவது ஏறத்தாழ 65 மில்லிகிராம் பொன் தேறும் என்பது அவர் கணக்கு. தேர்ந்த கைகளில் இன்னும் மிகுதி கிடைக்கும் என்று அவர் கருதினார்.

இவ்விடத்தில் ஒரு சொல்லைப் பற்றிச் சிறிது நின்று கூறவேண்டும். 'வாரன் கோலாரில் பொன்னைக் கண்டுபிடித்தார்' என்னும் தொடர் தமிழ் நூல்களிலும் இடம்பெறுகிறது. இது வழக்குத் தொடர்தான்; ஆயினும் பொருந்தாத தொடர். கண்டுபிடிப்பதற்கு அங்கே மறைபொருள் ஏதுமில்லை. குழி இருந்தது, குழிக்குள் ஆள் இருந்தான், இடிக்கவும் கழுவவும் கைமுறை இருந்தது. வாரன் செய்தது கேட்டறிதல், பார்த்தறிதல், அளந்தெழுதுதல் ஆகிய மூன்றும். தமிழில் இம்மூன்றுக்கும் தனித்தனிச் சொல் இருக்க, ஆங்கிலச் சொல்லொன்றின் நிழலாகக் 'கண்டுபிடித்தல்' வந்து அமர்ந்துகொண்டது. மொழிபெயர்ப்பாளர் கவனிக்க வேண்டிய இடம் இது: வினைச்சொல்லை மாற்றினால் எழுவாயும் மாறிவிடுகிறது. 'உரிகத்துப் பெண்கள் காட்டினர். வாரன் எழுதினார்' என்றெழுதும்போதுதான் நிகழ்ச்சி நிகழ்ந்தவாறு நிற்கிறது.

வாரன் நடந்த நிலம் மும்மொழிச் சந்தி. எர்ரகொண்டா தெலுங்குப் பெயர். செம்மலை என்பது பொருள். அருகிலுள்ள பூதிகோட்டே ஹைதர் அலி பிறந்த ஊர். கன்னடத்தில் சாம்பற்கோட்டை எனப் பொருள்படுவது. மாரிக்குப்பத்தின் இரு கூறுகளும் தமிழர் காதுக்கு விளக்கம் வேண்டாதவை. பத்துப் பன்னிரண்டு மைல் வட்டத்துள் மூன்று மொழிகளில் மலையும் கோட்டையும் ஊரும் பெயர் பெற்றிருக்க, அவற்றைக் காதால் கேட்டு ரோமன் எழுத்தில் எழுதியவரோ பிரெஞ்சைத் தாய்மொழியாகக் கொண்டு ஆங்கிலத்தில் பணிபுரிந்தவர். உரிகம் ஆங்கில ஏடுகளில் பல வடிவங்கள் எடுத்தது. பின்னாளில் சுரங்க நிறுவனத்தின் பெயரில் நிலைத்த வடிவம் ஊர்காம் என்றே ஒலிக்கலாயிற்று. ஊரார் நாவில் இரு வடிவங்களும் வழங்குகின்றன. பிழையான எழுத்துப்பெயர்ப்பும் நூறாண்டு வழங்கினால் பெயராகிவிடுகிறது.

வாரனின் அறிக்கை உடனடிப் பயன் விளைக்கவில்லை. ஊரார் தம் முறையில் தோண்டிவந்தனர். விபத்துகளைக் காரணம்காட்டி 1859இல் நிலத்தடித் தோண்டல் தடைசெய்யப்பட்டது. அறிக்கையைப் படித்துவிட்டு லவல் வந்தபோது, காட்டிக்கொடுத்தோரின் பேரர்களுக்கு அக்குழிகளில் உரிமை இருக்கவில்லை.

அளவைப் பணியிலிருந்து வாரன் வானியலுக்குச் சென்றது திசைமாற்றமன்று. நிலத்தில் ஓரிடத்தை உறுதிசெய்ய வானத்தை நோக்கியே ஆகவேண்டும். சென்னை நுங்கம்பாக்கத்தில் மைக்கேல் டாப்பிங் என்னும் நில அளவர் வடிவமைக்க 1792இல் எழுந்த வானாய்வகம் அத்தேவையின் பொருட்டே அமைந்தது. (அங்கு நட்ட கருங்கல் தூணில் தமிழும் தெலுங்கும் பொறிக்கப்பட்டன. ஆயிரம் ஆண்டுக்குப் பின் வருவோரும் அறியவேண்டும் என்பது நட்டவர் எண்ணம். அவர்கள் எம்மொழி படிப்பர் என்பதில் அவருக்கு ஐயம் இருந்திருக்கலாம்.) 1805 முதல் 1811 வரை, கோல்டிங்காம் விடுப்பில் இருந்த காலத்தில், வாரன் அவ்வாய்வகத்தின் பொறுப்பு வானியலாளராக இருந்தார். அவர் கணித்த சென்னையின் தீர்க்கரேகை 80 பாகை 17 கலை 21 விகலை. பெரும் முக்கோண நில அளவையின் படங்கள் இவ்வெண்ணை அடிப்படையாகக் கொண்டன. பின்னர்த் தந்திவழி நேர ஒப்பீட்டால் இது ஏறத்தாழ இரண்டரைக் கலை மிகை என்று தெரியவந்தது. சென்னை, கோலார் ஆகியவற்றின் குறுக்குக்கோட்டில் அது நாலரைக் கிலோமீட்டர் தொலைவு. ஒரு நூற்றாண்டுக்காலம் படங்களில் இந்நாடு முழுவதும் அவ்வளவு தொலைவு கிழக்கே தள்ளி நின்றது.

வாரனின் ஆர்வம் இவற்றோடு அமையவில்லை. விழுப்புரம் மாவட்டத்துத் திருவக்கரையில் கல்லாகிக் கிடக்கும் மரங்களைப் பற்றி அவர் எழுதிய குறிப்பு கல்கத்தா ஆசியக் கழகத்தின் ஆய்வுத் தொகுதியில் 1810இல் வெளிவந்தது. ஆயினும் தமிழ் ஆய்வாளர்க்கு அவருடைய பணிகளுள் தலையாயது 'கால சங்கலித' என்னும் நூலே. தமிழர், தெலுங்கர், இசுலாமியர் ஆகியோரின் ஆண்டுக் கணக்குகளை விளக்கும் இந்நூல் 1825இல் சென்னையில் அச்சாயிற்று. இதற்குத் தூண்டுகோலாக இருந்தவர் சென்னை மாவட்ட ஆட்சியரும் புனித ஜார்ஜ் கோட்டைக் கல்லூரியின் நிறுவனருமான எஃப். டபிள்யூ. எல்லிஸ். திராவிட மொழிகள் தனிக்குடும்பம் என்பதை 1816இல் நிறுவிய அதே எல்லிஸ்தான். நூல் முடிவதைக் காண அவர் இருக்கவில்லை. 1819இல் இராமநாதபுரத்தில் இறந்தார். மொழியை ஒப்பிட்டாய்ந்தவரும் நாள்கணக்கை ஒப்பிட்டாய்ந்தவரும் ஒரு வட்டத்தினர் என்பது இவ்விரு துறைகளும் அன்று பிரிந்திருக்கவில்லை என்பதைக் காட்டும்.

பிரான்சில் முடியாட்சி மீண்டபின் வாரன் அங்குச் சென்று குடிப்பட்டத்தைப் பெற்றார். எனினும் புதுச்சேரிக்கே திரும்பிவந்தார். அங்கே ஒரு தமிழ்ப் பஞ்சாங்கக் கணக்கரைச் சந்தித்தார். அவர் சோழிகளைத் தரையில் பரப்பி, ஏடு எதையும் பாராமல், 1825 மே 31, ஜூன் 1 இரவில் நிகழவிருந்த சந்திர கிரகணத்தைக் கணித்துக் காட்டினார். வேண்டிய அட்டவணைகள் யாவும் செயற்கையாகக் கோத்த சொற்களாக அவர் நினைவில் இருந்தன. கோட்பாடு எதுவும் அவர் அறியார் என்றும், நினைவாற்றலே அவர் கருவி என்றும் வாரன் குறித்துள்ளார். கணிப்பில் தொடக்கத்துக்கு 4 நிமிடமும், நடுவுக்கு 23 நிமிடமும், முடிவுக்கு 52 நிமிடமும் பிழை இருந்தது. இதே புதுச்சேரியில் அரை நூற்றாண்டு முன்பு லெ ழான்தில் என்னும் பிரெஞ்சு வானியலாளரும் இத்தகைய கணிப்பைக் கற்றார். வானியல் வரலாற்றறிஞர் ஓட்டோ நாய்கெபாவர் 1952இல் வாரனின் இப்பதிவை மீண்டும் எடுத்தாராய்ந்து, சோழிக் கணக்கின் முறை பாபிலோனியக் களிமண் பலகைகள்வரை பின்செல்வது என்று காட்டினார். பிழையின் அளவைவிட மரபின் தொடர்ச்சியே அவருக்கு வியப்பளித்தது.

மொழியியலார் நின்று நோக்கவேண்டியது அந்தச் 'செயற்கைச் சொற்கள்' என்னும் செய்தியாகும். இவை வாக்கியங்கள் எனப்படும். தமிழகத்தில் இன்றும் வழங்கும் வாக்கியப் பஞ்சாங்கத்துக்குப் பெயர் தந்தவை. சந்திரனுக்கு மட்டும் 248 வாக்கியங்கள். சந்திரன் தன் பாதையில் புவியை நெருங்கி விலகி மீளும் சுற்று ஒன்பது முறை நிகழ ஏறத்தாழ 248 நாள் ஆகும் என்பது அடிப்படை. எண்கள் கடபயாதி முறையில் எழுத்துகளாக மாற்றப்பட்டிருக்கும். வடமொழியின் க, ட, ப, ய ஆகியவை ஒன்று. அடுத்தடுத்த எழுத்துகள் அடுத்தடுத்த எண்கள். முதலெழுத்து ஒன்றாம் இலக்கம்.

இம்முறை தமிழ் எழுத்தில் நிற்காது. வருக்க எழுத்து நான்கும் தமிழில் ஒரே எழுத்தாதலால், க, ட, ப ஒவ்வொன்றும் ஒன்று முதல் நான்கு வரை எந்த எண்ணாகவும் இருக்கலாம். ச, த ஆறு முதல் ஒன்பது வரை எதுவாகவும் இருக்கலாம். 'பலம்' என்று எழுதிப் பார்த்தால் இது விளங்கும். நிறையளவாகிய பலம் எனின் 31. பயன் என்னும் பொருளில் முதலெழுத்து மூச்சொலி பெற்றால் 32. வலிமை என்னும் பொருளில் ஒலிப்புடன் தொடங்கினால் 33. தமிழ்ப் பேச்சில் இவ்வேறுபாடு பொருளை மாற்றாது; கணக்கிலோ அது எண்ணை மாற்றிவிடும். ஆகவே கிரந்த எழுத்தோ, வடமொழி ஒலிப்பில் பழகிய நாவோ இல்லாமல் வாக்கியங்களைக் காத்திருக்க இயலாது. கோட்பாடு அறியாதவர் என வாரன் கூறிய கணக்கர், தம் தாய்மொழி வேறுபடுத்தாத ஒலிகளை வேறுபடுத்திக் காத்துவந்திருக்க வேண்டும். அல்லது எழுத்தைக் கடந்து எண்களாகவே அவற்றை மனத்தில் கொண்டிருக்க வேண்டும். முன்னதே பொருத்தமாகத் தோன்றுகிறது. ஒலித்தூய்மையைச் சமயக் கடமையாக அன்றிக் கணக்கின் தேவையாகப் பேணிய மரபு ஒன்று தமிழகத்தில் இருந்தமைக்கு இது சான்றாகும். நினைவாற்றல் என்று கூறிக் கடந்துசெல்வது இத்திறனுக்கு நியாயம் செய்வதாகாது.

'கால சங்கலித' நூலின் நடைமுறைப் பயன், ஆவணங்களின் தமிழ் ஆண்டையும் ஹிஜிரி ஆண்டையும் ஐரோப்பிய ஆண்டோடு பொருத்த உதவியதாகும். அந்த வரிசையில் பின்னர் வந்து அதனை வெகுவாக விஞ்சியவை எல். டி. சுவாமிக்கண்ணுப் பிள்ளையின் 1911, 1922ஆம் ஆண்டு நூல்கள். கல்வெட்டைப் பெயர்ப்போர் இன்று வாரனை நாடுவதில்லை, நாடவேண்டியதும் இல்லை. அட்டவணைகள் பழையனவாகிவிட்டன, உடன் பதிந்த உரையாடல் பழையதாகவில்லை.

வாரன் 1830இல் புதுச்சேரியில் இறந்தார். அவர் எழுதிய இரு பதிவுகளுக்கும் இடையே ஒரு வேறுபாடு உண்டு. உரிகத்தில் மண்ணைக் கழுவிக் காட்டிய பெண்களுள் ஒருவர் பெயரும் வரலாற்றில் நிலைக்கவில்லை. புதுச்சேரிக் கணக்கரின் பெயர் நிலைத்தது. ஆனால் ரோமன் எழுத்தில் மட்டும். அதனை ஒலித்தவாறே தமிழில் எழுதினால் 'சாமி நாதென் சசியா' என வரும். முதற்பகுதியைச் சாமிநாதன் என்று தயங்காது மீட்கலாம். இரண்டாம் பகுதி சேஷய்யா என்பதன் தேய்வாகலாம். சேஷையா, சாஸ்திரி எனவும் கொள்வார் உளர் ஆகலாம். பெயர்ப்போர் சாமிநாதன் என்று எழுதி, அடுத்த பகுதியை வாரன் கேட்ட ஒலியிலேயே விட்டுவைத்தல் நன்று.