மாக்ஸ் பிளாங்க் நிறுவனங்களில் முனைவர் பட்ட ஆய்வு

ஜெர்மனியின் மாக்ஸ் பிளாங்க் கழகத்தைச் சேர்ந்த ஆய்வு நிறுவனம் ஒன்றில் பணியாற்றிக்கொண்டே, ஒரு பல்கலைக்கழகத்தில் பதிவுசெய்து முனைவர் பட்டம் பெறும் முறை. ஆய்வுக்கூடமும் கருவிகளும் சம்பளமும் நிறுவனத்தின் பொறுப்பு. ஆனால் பட்டம் வழங்கும் அதிகாரம் அதற்கு இல்லை. அது பல்கலைக்கழகத்திடம் இருக்கிறது. உழைப்பது ஒரு வீட்டில், பெயர் சூட்டுவது இன்னொரு வீட்டில். மாணவருக்குக் கிடைக்கும் வசதிகளிலும் அவர் படும் அலைச்சல்களிலும் பாதி இந்த ஏற்பாட்டிலிருந்து வருபவை.

1911இல் தோன்றிய கைசர் வில்ஹெல்ம் கழகத்தின் வாரிசாக மாக்ஸ் பிளாங்க் கழகம் 1948 பிப்ரவரி 26 அன்று கோட்டிங்கன் நகரில் நிறுவப்பட்டது. அணுக்கருப் பிளவைக் கண்டறிந்தவர்களில் ஒருவரான ஓட்டோ ஹான் அதன் முதல் தலைவர். இன்று அதன்கீழ் எண்பதுக்கும் மேற்பட்ட நிறுவனங்கள் உள்ளன. 2000 முதல் பல்கலைக்கழகங்களுடன் சேர்ந்து பன்னாட்டு ஆய்வுப் பள்ளிகளையும் கழகம் நடத்துகிறது. அங்கே வேலை மொழி ஆங்கிலம். ஜெர்மன் தெரியாமலேயே ஆய்வேட்டை எழுதி முடிக்கலாம். வீட்டு உரிமையாளரிடம் பேச ஆங்கிலம் போதாது.

முனைவர் ஆய்வில் கோட்டிங்கனுக்குப் பழைய பெருமை உண்டு. இயற்பியலாளர் மாக்ஸ் போர்னின் மாணவராக ஓப்பன்ஹைமர் 1927இல் இங்கேதான் முனைவரானார், வயது 22. அதே போர்னிடம் ஆய்வு செய்த மரியா கோப்பெர்ட், ஓர் அணு ஒரே சமயத்தில் இரண்டு ஒளித்துகள்களை உட்கொள்ள முடியும் என்று கணக்கிட்டு 1930இல் பட்டம் பெற்றார். லேசர் வந்த பிறகு, 1961இல்தான் அது சோதனையில் உறுதியானது. இன்று உயிருள்ள எலியின் மூளைக்குள் பார்க்கும் நுண்ணோக்கிகள் அந்தக் கணக்கை நம்பி இயங்குகின்றன. ஓர் ஆய்வேடு முப்பது ஆண்டு காத்திருப்பது அங்கே புதிதல்ல.

வெளிநாட்டு மாணவரின் முதல் சோதனை ஆய்வகத்தில் நடப்பதில்லை. குடியேறிய இரண்டு வாரத்துக்குள் நகர அலுவலகத்தில் முகவரியைப் பதிய வேண்டும். அதற்கு வீட்டு உரிமையாளரின் கையெழுத்திட்ட சான்று வேண்டும். வரி எண் அந்தப் பதிவை ஒட்டியே வரும். குடியிருப்பு அனுமதிக்கு வெளிநாட்டவர் அலுவலகம் தனி.

நம் ஊரில் ‘கைடு’ எனப்படும் நெறியாளரை ஜெர்மானியர் ‘டாக்டர்ஃபாட்டர்’ என்பர். முனைவர் பட்டத்துக்குத் தந்தை என்று பொருள். பெண் என்றால் ‘டாக்டர்முட்டர்’. தந்தை ஒருவரின் கையிலேயே மாணவரின் விதி சிக்கிவிடாதிருக்க, ஆய்வுப் பள்ளிகளில் மேற்பார்வைக் குழு உண்டு. பொதுவாக ஆண்டுக்கு ஒருமுறையாவது அது கூடி, என்ன முடிந்தது, எதைக் கைவிடலாம் என்று கேட்கும். இரண்டாவது கேள்விதான் பெரும்பாலும் பயன்படுகிறது.

மாணவர்கள் செய்யும் வேலை எத்தகையது என்பதற்கு ஓர் எடுத்துக்காட்டு. ஒளியின் அலைத்தன்மையால், ஏறத்தாழ 200 நானோமீட்டருக்குக் குறைந்த இடைவெளியில் உள்ள இரு புள்ளிகளைச் சாதாரண நுண்ணோக்கியால் பிரித்துக் காண முடியாது. எர்ன்ஸ்ட் அபே 1873இல் வகுத்த எல்லை அது. அதை மீறும் வழியை இயற்பியலாளர் ஸ்டெஃபான் ஹெல் 1994இல் தாளில் எழுதிக் காட்டினார். ஒரு லேசர் கற்றை மூலக்கூறுகளை ஒளிரச் செய்யும். வளையம்போல் விழும் இன்னொரு கற்றை ஓரத்தில் உள்ளவற்றை அணைத்துவிடும். நடுவில் பொட்டு அளவே மிஞ்சும். அந்தப் பொட்டை நகர்த்தி நகர்த்திப் படம் எடுக்க வேண்டும். ஹெல் கோட்டிங்கனில் உள்ள மாக்ஸ் பிளாங்க் நிறுவனத்துக்கு வந்த பிறகு, 1999இல் இதைச் சோதனையில் நிறுவிய கட்டுரையின் முதல் பெயர் அவருடைய முனைவர் பட்ட மாணவர் தாமஸ் கிளாருடையது. ஹெல்லுக்கு 2014இல் வேதியியல் நோபல் பரிசு பகிர்ந்தளிக்கப்பட்டது. இரண்டு கற்றைகளையும் ஒரே இடத்தில் விழச் செய்வதே இத்தகைய கருவியில் பெரும்பாடு. அறையின் வெப்பம் சற்று மாறினாலும் அவை விலகும். மறுபடி முதலிலிருந்து சரிசெய்ய வேண்டும். அளவீடுகள் இரவுக்குத் தள்ளிப்போவதற்கு இதுவும் ஒரு காரணம். பகல்நேரத்துக்கான முன்பதிவுப் பட்டியல் நிரம்பியிருப்பது இன்னொன்று.

ஆய்வகத்துக்கு எழுதப்படாத விதிகளும் உண்டு: பிறந்தநாள் கொண்டாடுபவரே மற்றவர்களுக்குக் கேக் கொண்டுவர வேண்டும். இது தெரியாமல் வெறுங்கையுடன் வந்து நிற்பது புதியவர்கள் வழக்கமாகச் செய்யும் தவறு.

நீண்ட காலம் பல மாணவர்கள், குறிப்பாக வெளிநாட்டவர், உதவித்தொகையில்தான் இருந்தனர். ஓய்வூதியக் கணக்கும் வேலையின்மைக் காப்பீடும் அதில் கிடையாது. மாணவர்களின் கூட்டமைப்பான ‘பிஎச்டிநெட்’ 2003இல் உருவானது. உதவித்தொகைக்குப் பதில் வேலை ஒப்பந்தம் என்பது அதன் முக்கியக் கோரிக்கை. 2015இல் கழகம் ஒப்பந்த முறைக்கு மாறியது. ஆனாலும் பல இடங்களில் கிடைப்பது முழுநேர ஆய்வாளர் சம்பளத்தின் ஒரு பகுதிதான். உழைப்பு மட்டும் பகுதியாக இருப்பதில்லை. ஒப்பந்தம் பொதுவாக மூன்றாண்டுக்குப் போடப்பட்டுப் பின்னர் நீட்டிக்கப்படுகிறது. மூன்றிலேயே முடிப்பவர் குறைவு.

இறுதியில் ஆய்வேட்டைத் தேர்வாளர்கள் முன் வாதிட்டு நிலைநாட்ட வேண்டும். வெளியே நண்பர்கள் ஒரு ‘முனைவர் தொப்பி’யுடன் காத்திருப்பார்கள். கடையில் வாங்கியது அல்ல. மாணவருக்குத் தெரியாமல் அட்டையில் செய்து, உச்சியில் அவருடைய ஆய்வகக் காலத்தை ஒட்டிவைத்தது: பிப்பெட் முனைகள், குட்டி சைக்கிள், பீர் மூடிகள், பாழாய்ப்போன ஒரு வரைபடம். கோட்டிங்கனில் அலங்கரித்த வண்டியில் அவரை ஏற்றிச் சந்தைச் சதுக்கத்துக்கு இழுத்துப் போவார்கள். அங்கே 1901இல் வைக்கப்பட்ட நீரூற்றில் வாத்து மேய்க்கும் சிறுமியின் வெண்கலச் சிலை நிற்கிறது. புது முனைவர் மேலே ஏறி, அவளுக்குப் பூக்கொத்து கொடுத்து முத்தமிட வேண்டும். 1926இல் நகர நிர்வாகம் இதைத் தடை செய்தது. எதிர்த்து வழக்காடிய மாணவர் தோற்றார். முத்தம் மட்டும் நின்றபாடில்லை.

சட்டப்படி அவர் அப்போதும் முனைவர் அல்லர். ஆய்வேட்டை வெளியிட்டு, பல்கலைக்கழக நூலகத்தில் ஒப்படைத்து, சான்றிதழைப் பெற்ற பிறகே பெயருக்கு முன் ‘டாக்டர்’ போடலாம். உரிமையின்றி அப்பட்டத்தைப் பயன்படுத்துவது ஜெர்மனியில் தண்டனைக்குரிய குற்றம்.