12 வயதில் எடுக்கும் அட்டை: அவசரகாலமும் ஜொகூர் தோட்டங்களும்

ஆறாம் ஆண்டு மாணவர்கள் 12 வயது ஆனதும் தேசியப் பதிவிலாகாவுக்குப் போய் மைகார்டு எடுக்கிறார்கள். ஏன் 12? ஏன் 15 இல்லை, 18 இல்லை? வகுப்பில் இந்தக் கேள்வியைப் போட்டுப் பாருங்கள். பெரும்பாலும் பதில் வராது. பதில் நான்காம் படிவ வரலாற்றுப் பாடத்தில்தான் இருக்கிறது, டாருராட் என்று நாம் படிக்கும் அவசரகாலத்தில்.

1948 ஜூன் 16, பேரா மாநிலம் சுங்கை சிப்புட்டில் மூன்று ஐரோப்பியத் தோட்ட நிர்வாகிகள் கொல்லப்பட்டார்கள். இரண்டே நாளில், ஜூன் 18-ஆம் தேதி, மலாயா முழுமைக்கும் அவசரகாலம் அறிவிக்கப்பட்டது. ஆங்கிலேய அரசுக்கு இருந்த பெரிய தலைவலி ஆயுதம் இல்லை, ஆள் அடையாளம். பகலில் மரம் வெட்டுகிறவர் இரவில் காட்டுக்குள் அரிசி கொண்டுபோய்க் கொடுத்தால் யாருக்குத் தெரியும்? அதனால் 12 வயதைத் தாண்டிய அனைவரும் பதிவு செய்ய வேண்டும், புகைப்படமும் கட்டைவிரல் ரேகையும் உள்ள அட்டை வைத்திருக்க வேண்டும் என்று அவசரகாலச் சட்டத்தின் கீழ் உத்தரவு வந்தது. அட்டை இல்லாமல் பிடிபட்டால் சந்தேகம் உங்கள் மேல்தான்.

அதுவரைக்கும் தோட்டத்துத் தமிழருக்குப் பேர் எழுதி வைத்த இடம் எது? செக்ரோல். காலைப் பெரட்டில் கிராணி பேர் கூப்பிடுவார், கங்காணி ஆளைக் காட்டுவார். அவ்வளவுதான். லயத்து வீட்டில் மருத்துவச்சி பார்த்த பிரசவங்களில் பிறப்புப் பத்திரம் எடுக்காமல் விட்டதும் உண்டு. அரசாங்கமே ஆளைத் தேடி வந்து, படம் பிடித்து, கையில் ஒரு காகிதம் கொடுத்தது பலருக்கு அதுதான் முதல் தடவை. கொடுத்த காரணம் உரிமைக்காக இல்லை, சோதனைக்காக. இதை மாணவர்கள் மனசில் வைத்துக்கொள்ளணும்.

கம்யூனிஸ்டுகளுக்கும் அட்டையின் பலம் புரிந்தது. பால்மரக் காட்டில் வேலை செய்கிறவர்களை மறித்து அட்டைகளைப் பிடுங்கி அழித்தார்கள். பதிவு வேலை செய்தவர்களையும் படம் எடுத்தவர்களையும் தாக்கினார்கள். அட்டையைக் கொடுத்தால் போலீஸ் கேட்கும், கொடுக்காவிட்டால் துப்பாக்கி. விடியற்காலையில் உளியும் வாளியுமாகப் புறப்பட்ட தொழிலாளி இரண்டுக்கும் நடுவில் நின்றார்.

இதில் ஜொகூருக்குத் தனி இடம் உண்டு. சர் ஹரோல்ட் பிரிக்ஸ் 1950 ஏப்ரலில் பொறுப்பேற்றார், ஜூனில் அவருடைய திட்டம் ஜொகூரில்தான் தொடங்கியது. தெற்கிலிருந்து வடக்காக ஒவ்வொரு மாநிலமாகச் சுத்தம் செய்துகொண்டு போவது அவர் எண்ணம். காட்டோரம் சிதறிக் கிடந்த சீனக் குடியானவர்களை முள்வேலிக்குள் கொண்டுவந்து புதுக்கிராமங்கள் அமைத்தார்கள். கூலாய், செனாய் பக்கமெல்லாம் அப்படி எழுந்தவை உண்டு. பாடநூல் இந்தப் பகுதியை விரிவாகச் சொல்கிறது. தோட்ட லயங்களையும் ஓரிடத்தில் சேர்த்து வேலி போட்டதைப் பற்றி நம் பிள்ளைகள் அதிகம் கேள்விப்படுவதில்லை. வேலி வாசலில் உடம்பைத் தடவிப் பார்ப்பார்கள், அட்டையைப் பார்ப்பார்கள். அரிசிக்குப் பங்கீடு. கெடுபிடி உச்சத்தில் இருந்த இடங்களில் மத்தியானச் சோற்றைக்கூட வெளியே எடுத்துப்போக முடியாது. வெறும் வயிற்றோடு நெறையில் மரம் வெட்டிவிட்டுத் திரும்பணும். கடையில் டின் உணவு விற்றால் அந்த இடத்திலேயே ஓட்டை போட்டுத்தான் கொடுக்கணும். காட்டுக்குள் சேர்த்து வைக்க முடியாதபடிக்கு.

இப்போது தேர்வுக்கு முக்கியமான இடம். விடைத்தாளில் சிலர் '1948இல் அடையாள அட்டை வழங்கப்பட்டதால் மக்கள் குடியுரிமை பெற்றனர்' என்று எழுதுவார்கள். தவறு. 1948இல் இரண்டு தனித்தனிக் காரியங்கள் நடந்தன. பிப்ரவரி 1-இல் மலாயாக் கூட்டரசு உருவானபோது குடியுரிமைக்குச் சட்டம் வந்தது. அட்டை அதற்குப் பிறகு, அவசரகாலத்தோடு வந்தது. அட்டை எல்லாருக்கும் உண்டு. குடியுரிமை அப்படி இல்லை. விண்ணப்பித்துப் பெறுகிறவர் மலாயாவில் பிறந்தவராக இருந்தால் 12 ஆண்டில் 8 ஆண்டு இங்கே வாழ்ந்திருக்கணும், வெளியில் பிறந்தவரானால் 20 ஆண்டில் 15 ஆண்டு. மொழி நிபந்தனையும் இருந்தது.

விடை எழுதுகிற மாணவனுக்கு வரும் இதே குழப்பம்தான் அன்றைக்குத் தோட்டத்திலும் இருந்தது. 'ஐசி இருக்கே, அப்புறம் என்ன?' என்று இருந்துவிட்டவர்கள் பலர். படிக்கத் தெரியாதவர்கள், பாரம் நிரப்பித் தர ஆள் இல்லாதவர்கள், பிறப்புப் பத்திரம் இல்லாதவர்கள், என்றைக்காவது ஊருக்குத் திரும்பிவிடுவோம் என்று நினைத்தவர்கள் எல்லாரும் அதில் உண்டு. 1957இல் மெர்டேக்கா வந்தபோது கதவு இன்னும் அகலமாகத் திறந்தது. முதல் ஓராண்டுக்குள் விண்ணப்பித்தால் மலாய்மொழி நிபந்தனைகூட இல்லை. அந்த ஓராண்டைப் பயன்படுத்தியவர்களின் பேரப்பிள்ளைகளுக்கு இன்றைக்குப் பத்திரத் தொல்லை குறைவு. தவறவிட்டவர்களின் கதை வேறு.

1960 ஜூலை 31-இல் அவசரகாலம் முடிந்தது. அட்டை மட்டும் முடியவில்லை. 1959ஆம் ஆண்டு தேசியப் பதிவுச் சட்டம் அதை நிரந்தரமாக்கிவிட்டது. குடிமக்களுக்கு நீலம், நிரந்தரவாசிகளுக்குச் சிவப்பு என்ற பிரிவு வந்தபோதுதான், அதுவரை ஒரே மாதிரி தெரிந்த காகிதத்துக்குள் இருந்த வித்தியாசம் கண்ணுக்குத் தெரிந்தது. 1967இல் ஜொகூர் பாலத்தின் இரு கரையிலும் கடப்பிதழ்ச் சோதனை தொடங்கியது. சிவப்பு அட்டைக்காரருக்கு மலேசியக் கடப்பிதழ் கிடையாது. அடுத்த அடி 1968ஆம் ஆண்டு வேலைக் கட்டுப்பாட்டுச் சட்டம். குடிமக்கள் அல்லாதவர்களுக்கு வேலை பெர்மிட் கட்டாயமானது. ஏறத்தாழ 60,000 இந்தியர்கள் நாட்டை விட்டுப் போனார்கள் என்று வரலாற்று நூல்கள் கணக்குச் சொல்கின்றன. பிறந்த மண்ணை விட்டுக் கப்பல் ஏறியவர்களும் அதில் உண்டு. இந்த ஒரு வரி பாடநூலில் இன்னும் கொஞ்சம் பெரிதாக இருந்திருக்கலாம்.

1974இல் திறக்கப்பட்ட செனாய் விமான நிலையத்தில் இன்றைக்குக் கூச்சிங் விமானத்துக்கு நிற்கும் மாணவன் மைகார்டை நீட்டுகிறான். சரவாக்கில் இறங்கியதும் குடிநுழைவு அதிகாரி மறுபடியும் கேட்பார். சொந்த நாட்டுக்குள்ளேயே ஏன் என்று கேட்டால், 1963இல் மலேசியா உருவானபோது சபாவும் சரவாக்கும் பெற்ற குடிநுழைவு அதிகாரம் என்று சொல்லலாம். அட்டையில் உள்ள 12 எண்களில் முதல் ஆறு பிறந்த தேதி, அடுத்த இரண்டு பிறந்த மாநிலம். ஜொகூருக்கு 01. சிவப்பு அட்டைக்கும் இதே கணக்குதான். ஜொகூரிலேயே பிறந்து வளர்ந்த பாட்டியின் சிவப்பு அட்டையிலும் 01 இருக்கும்.

2011 பிப்ரவரியில் மைடஃப்தார் இயக்கம் நடந்தது. 2018இல் 60 வயதைத் தாண்டிய இந்தியச் சிவப்பு அட்டைக்காரர்களுக்குக் குடியுரிமை வழங்க அரசு முடிவு செய்தது. ஆனாலும் பெற்றோர் திருமணத்தைப் பதியாததால், பிறப்பைத் தாமதமாகப் பதிந்ததால், பத்திரத்தில் 'குடிமகன் அல்லர்' என்று எழுதப்பட்ட பிள்ளைகள் இன்னும் இருக்கிறார்கள். சிறப்புச் சூழ்நிலையில் பிள்ளைகளைக் குடிமக்களாகப் பதிய அரசியலமைப்பின் 15ஏ பிரிவு இடம் தருகிறது. அந்த விண்ணப்பம் பல ஆண்டுகள் இழுக்கக்கூடும். ஆகவே வகுப்பாசிரியர்கள் ஆறாம் ஆண்டு வரைக்கும் காத்திருக்க வேண்டாம். முதலாம் ஆண்டுப் பதிவிலேயே பிறப்புப் பத்திரத்தில் குடியுரிமைக் கட்டத்தைப் பார்த்துவிடுங்கள். மைகார்டு எடுக்கப் போகும் நாளில், முகப்பில் நின்றுகொண்டு தெரிந்துகொள்கிற விஷயமாக அது இருக்கக் கூடாது.