பட்டம் கேட்காத சங்கங்கள்: சென்னை, செங்கல்பட்டு வட்டாரத்தில் தத்துவக் கழகங்களின் வரலாறு

அமெரிக்கக் கல்லூரிகளில் தத்துவம் படிக்கும் மாணவர்களுக்கென்று ஃபை சிக்மா டௌ என்ற மதிப்புக் கழகம் இயங்குகிறது. 1930இல் பென்சில்வேனியாவின் மூலன்பர்க் கல்லூரியில் வேறொரு பெயரில் தோன்றி, 1955இல் இன்றைய பெயரை ஏற்றது. விரும்பியவரெல்லாம் அதில் சேர்ந்துவிட முடியாது. இளங்கலை மாணவர் மூன்று பருவங்களையாவது முடித்திருக்க வேண்டும். தத்துவத்தில் குறைந்தது இரண்டு பாடங்கள் படித்திருக்க வேண்டும். வகுப்பில் முதல் 35 விழுக்காட்டினருக்குள் வர வேண்டும். இவ்வகைக் கழகங்களுக்கெல்லாம் மூத்தது 1776இல் வர்ஜீனியாவில் மாணவர்கள் தொடங்கிய ஃபை பீட்டா கப்பா. அது முதலில் இரகசியமாகக் கூடி விவாதித்த சங்கம். கல்வித் தேர்ச்சிக்கான விருதாக மாறியது பிற்பாடுதான்.

நம் வட்டாரத்தில் தத்துவத்துக்காகக் கூடியவர்கள் இந்த வழியில் வரவில்லை என்பதே இக்கட்டுரையின் வாதம். படூர், தாம்பரம், பல்லாவரம் ஆகிய ஊர்கள் அடங்கிய இன்றைய செங்கல்பட்டு மாவட்டத்தையும் அதை ஒட்டிய சென்னையையும் இங்கே எல்லையாகக் கொள்கிறேன்.

1878 அளவில் சென்னையில் சுயசிந்தனையாளர்களின் சங்கம் ஒன்று உருவாயிற்று. சென்னை இலௌகிக சங்கம் என்று பெயர்பெற்ற அது 1888 வரை இயங்கியது. கடவுள், ஆன்மா, சாதி, சடங்கு பற்றியெல்லாம் 'தத்துவ விவேசினி' என்ற தமிழ் இதழில் வாதிட்டது. ஆங்கிலத்திலும் ஓர் இதழ் நடத்தியது. அந்த வட்டத்தின் முக்கியமான எழுத்தாளர் அத்திப்பாக்கம் வெங்கடாசல நாயகர். நில உரிமை பெற்ற மிராசுதாரர்களுக்கும் குத்தகைக்கு உழுத பாயக்காரிகளுக்கும் இடையிலான நிலத்தகராறு பற்றி 1872இல் நூல் வெளியிட்டவர் அவர். நில உரிமையையும் மத விமரிசனத்தையும் ஒரே கை எழுதியிருப்பது தற்செயல் அல்ல என்றே கருதுகிறேன்: வயலில் யார் உரிமையாளர் என்று கேட்டவர், கோயிலில் யார் அதிகாரி என்றும் கேட்காமல் இருக்க மாட்டார்.

அடுத்த கட்டம் கல்லூரியைச் சுற்றியது. சென்னைக் கிறித்தவக் கல்லூரி அப்போது ஜார்ஜ் டவுனில் இருந்தது. தாம்பரத்துக்குக் குடிபெயர்ந்தது 1937இல்தான். 1904இல் அங்கே தத்துவ மாணவராகச் சேர்ந்தார் ச. இராதாகிருஷ்ணன். உறவினர் ஒருவரின் தத்துவப் பாடநூல்கள் கைக்குக் கிடைத்ததே அப்பாடத்தை எடுக்கக் காரணம் என்று அவருடைய வாழ்க்கை வரலாறுகள் சொல்கின்றன. வேதாந்தத்தில் அறத்துக்கு இடமில்லை என்ற மிஷனரி ஆசிரியர்களின் விமரிசனம் அவரை உறுத்தியது. 1908இல் வேதாந்தத்தின் அறவியல் பற்றி எம்.ஏ. ஆய்வேடு எழுதினார். அதைப் பாராட்டிய ஆசிரியர் ஏ.ஜி. ஹாக் ஒரு மிஷனரிதான். மறுத்து எழுதும் மாணவனை மெச்சும் ஆசிரியர், எந்தக் கழகப் பதக்கத்தையும் விட மேல். 1909இல் இராதாகிருஷ்ணன் மாநிலக் கல்லூரியில் ஆசிரியப் பணியில் சேர்ந்தார்.

கிறித்தவக் கல்லூரியில், இராதாகிருஷ்ணன் படித்த அதே ஆண்டுகளில், தமிழ் கற்பித்தவர் மறைமலையடிகள். 1898 முதல் 1911 வரை அங்கே பணியாற்றினார். நாகப்பட்டினத்தில் பள்ளிப் படிப்பை முடிக்காமலே நிறுத்திவிட்டுத் தமிழையும் சைவ சித்தாந்தத்தையும் தனியே ஆசிரியர்களை அண்டிக் கற்றவர் அவர். அமெரிக்கக் கழக விதிப்படி பார்த்தால் விண்ணப்பப் படிவம்கூட அவர் கைக்கு வந்திருக்காது. அவரோ 1905இல் சைவ சித்தாந்த மகாசமாசம் தோன்ற முன்னின்றார். 1911இல் கல்லூரி வேலையை விட்டுப் பல்லாவரத்தில் குடியேறிச் சமரச சன்மார்க்க நிலையத்தை நிறுவினார். பிற்காலத்தில் அது பொதுநிலைக் கழகம் ஆயிற்று. இந்த வட்டாரத்தின் தத்துவ வரலாற்றை எழுதுவோர் இராதாகிருஷ்ணனோடு நின்றுவிடுவது வழக்கம். அதே வளாகத்தில் நடமாடிய அடிகளைத் தமிழ்த்துறைக்கு ஒதுக்கிவிடுகிறார்கள். அது சரியல்ல.

1920களில் நிலைமை மாறியது. தத்துவம் தொழிலாயிற்று. 1925இல் கல்கத்தாவில் இரவீந்திரநாத் தாகூர் தலைமையில் இந்தியத் தத்துவ காங்கிரஸ் முதன்முறையாகக் கூடியது. 1927இல் சென்னைப் பல்கலைக்கழகத்தில் தத்துவத் துறை அமைந்து, எஸ்.எஸ். சூரியநாராயண சாஸ்திரி அதை வளர்த்தார், அவருக்குப்பின் டி.எம்.பி. மகாதேவன். 1964இல் அது உயராய்வு மையமாயிற்று. மாணவருக்குரிய மதிப்பைத் தனிச் சங்கம் எதுவும் வழங்கவில்லை. 'ஆனர்ஸ்' பட்டமே அந்த வேலையைச் செய்தது. பல்கலைக்கழகத்தின் வளர்ச்சி நன்மையே. ஆனால் பேச்சு பெரும்பாலும் ஆங்கிலத்துக்குப் போனது, பட்டமில்லாதவர் கேட்பவராக மட்டுமே ஆனார்.

படூருக்கு வருவோம். கேளம்பாக்கத்துக்குச் சற்று வடக்கே, ராஜீவ் காந்தி சாலையில் உள்ள இவ்வூரை வெளியூரார் அறிவது 1985இல் தொடங்கி, பின்னர் நிகர்நிலைப் பல்கலைக்கழகமாகிய இந்துஸ்தான் பொறியியல் கல்லூரியால்தான். இத்தகைய கல்லூரிகளில் செயற்கை நுண்ணறிவு படிக்கும் மாணவருக்கு மனம் எது, அறிவு எது, பொறுப்பு யாருடையது என்ற கேள்விகள் இன்று பாடத்துக்குள்ளேயே வந்து நிற்கின்றன. ஃபை சிக்மா டௌவின் விதிகளை அப்படியே இறக்குமதி செய்தால், தத்துவப் பாடங்களை எடுக்காத இவர்கள் பெரும்பாலும் வெளியே நிற்பார்கள். தத்துவ வகுப்பில் பத்துப்பேர் இருக்கும் கல்லூரியிலோ மூவரைக் கொண்டு கழகம் நடத்த வேண்டியிருக்கும். இங்கே தத்துவ மாணவர் கழகம் தொடங்க நினைக்கும் ஆசிரியர்கள் சேர்க்கை விதியில் மதிப்பெண்ணை நீக்கிவிட்டு, தமிழிலோ ஆங்கிலத்திலோ ஒரு கட்டுரை எழுதி அவையில் வாதாடும் எவரையும் ஏற்க வேண்டும்.