மலைப்பாதையும் மோட்டார்ப் புகையும்



சித்திரை பிறந்தால் நுவரெலியாவுக்கு வசந்தம் பிறந்துவிடும். தாழ்நிலத்து வெயிலுக்கு அஞ்சிய மக்கள் மலையேறி வருவர். கிரெகரி வாவிக் கரையிலே கூட்டம் நிறையும். குதிரைப் பந்தயமும் மலர்க்காட்சியும் நடைபெறும். அவற்றோடு மோட்டார்ப் பந்தய ஓசையும் மலைச் சாரல்களிலே எதிரொலிக்கும். மாகஸ்தோட்டைத் தேயிலைத் தோட்டத்தின் வளைந்த பாதையிலே மலையேற்றப் பந்தயம் முதன்முதலாக நடந்தது 1934ஆம் ஆண்டில். நானுஓயாவுக்கு அருகிலுள்ள ரதல்லப் பாதையும் இத்தகைய பந்தயத்தால் பெயர் பெற்றதே. கொழுந்துக் கூடை சுமந்த பெண்களும், லயங்களிலிருந்து ஓடிவந்த சிறுவரும் தேயிலைச் செடிகளுக்கு நடுவே நின்று இக்காட்சியைக் காண்பது மலைநாட்டுக்குப் பழகிப்போன ஒன்று.

அந்தப் பந்தய ஓசை பந்தயத்தோடு நின்றுவிட்டால் நாம் பேசுவதற்கு ஒன்றுமில்லை. ஆனால் இன்று அன்றாடம் வீதியில் ஓடும் கார்களிலும் அவ்வோசை கேட்கிறது. வண்டியின் வலுவைக் கூட்டுவதாகச் சொல்லி, புகைக்குழாயின் நடுவே பொருத்தப்பட்டுள்ள ஒரு கருவியை வெட்டி எடுத்துவிட்டு, அவ்விடத்தில் வெறுங்குழாய் ஒன்றை ஒட்டவைக்கும் வழக்கம் பல நாடுகளிலும் உண்டு. வெட்டி எடுக்கப்படும் அக்கருவி வினையூக்கி மாற்றி எனப்படும். அது எவ்வாறு உலகுக்கு வந்தது, அதை நீக்குவதால் பெறுவது எவ்வளவு, இழப்பது எவ்வளவு, இழப்பவர் யார் என்பனவற்றை இன்று ஆராய்வோம்.

முதலில் மலைப்பாதையின் வரலாற்றைச் சிறிது நினைவுகூர்தல் தகும். மலைநாட்டின் பழைய பாதைகள் பல கோப்பிக்காக வெட்டப்பட்டவை. மாட்டு வண்டிகளே அந்நாளிலே கோப்பி மூட்டைகளைத் தாழ்நிலத்துக்குக் கொண்டு சென்றன. 1867ஆம் ஆண்டில் ஜேம்ஸ் டெயிலர் லூல்கந்துரையிலே தேயிலைப் பயிர்ச்செய்கையைத் தொடங்கினார். கோப்பி நோயால் அழிந்தபின் தேயிலை அதன் இடத்தைப் பற்றிக்கொண்டது. இருப்புப்பாதை 1884இல் ஹட்டனையும் 1885இல் நானுஓயாவையும் எட்டியது. அதற்குப் பின்னரே மோட்டார் வண்டியும் லொறியும் வந்தன. காட்டை அழித்தும், பாறையைப் பிளந்தும், கல்லை உடைத்துப் பரப்பியும் இப்பாதைகளை அமைத்தவருள் தமிழகத்திலிருந்து வந்த தொழிலாளர் பெருந்தொகையினர். ஆயினும் கார் நெடுங்காலம் துரைமாரின் உடைமையாகவே இருந்தது. பாதையை அமைத்தவனுக்குக் கிடைத்த பங்கு, கார் வரும்போது ஓரமாய் ஒதுங்கி நிற்பதே. இவ்வொதுங்கி நிற்கும் மனிதனை நாம் மறந்துவிடலாகாது. நம் ஆராய்ச்சியின் முடிவில் அவனிடமே திரும்பி வருவோம்.

மலைநாட்டிலே வண்டியோட்டுபவன் வலுவை நாடுவதற்குத் தக்க காரணம் உண்டு. நுவரெலியா கடல் மட்டத்திலிருந்து ஏறத்தாழ 1,870 மீற்றர் உயரத்தில் இருக்கிறது. அவ்வுயரத்தில் காற்றின் அமுக்கம் கொழும்பில் உள்ளதில் ஐந்தில் நான்கு பங்கே. எஞ்சின் எரிபொருளைக் காற்றிலுள்ள ஒட்சிசனோடு சேர்த்து எரித்தே வலுவைப் பெறுகிறது. ஒட்சிசன் குறைந்தால் வலுவும் குறையும். கடற்கரையில் நூறு குதிரைவலு தரும் சாதாரணப் பெற்றோல் எஞ்சின், நுவரெலியாவிலே ஏறத்தாழ எண்பது குதிரைவலுவே தரும். செங்குத்தான ஏற்றத்திலே, கொண்டையூசி வளைவிலே இக்குறை நன்றாகத் தெரியும்.

பழைய காபுரேற்றர் வண்டிகளுக்கு மற்றொரு குறையும் இருந்தது. கொழும்பிலே சரிசெய்யப்பட்ட வண்டி மலையேறியதும், காற்றுக் குறைய, பெற்றோல் மட்டும் முன்போலவே பாயும். அதனால் கரும்புகை கக்கி, எரிபொருளை வீணாக்கி, திணறித் திணறி ஏறும். இக்காலத்து வண்டிகளிலே மின்னணு உணர்கருவிகள் காற்றின் அளவையறிந்து பெற்றோலைக் குறைத்துக்கொள்ளும். புகை குறையும், ஆனால் இழந்த வலு திரும்பிவராது. இந்நிலையில் வண்டிக்காரன் காதில் ஒருவர், “புகைக்குழாயிலுள்ள அடைப்பை எடுத்துவிட்டால் வண்டி பறக்கும்” என்று ஓதினால் அவன் மயங்குவது இயல்பே.

அவர் அடைப்பு என்று கூறும் கருவியின் கதை விந்தையானது. 1817ஆம் ஆண்டில் ஹம்பிரி டேவி என்ற ஆங்கிலேய அறிஞர் சுரங்க விளக்குகளை ஆராய்ந்தபோது ஓர் உண்மையைக் கண்டார். எரிவாயுவும் காற்றும் கலந்த கலவையிலே சூடான பிளாற்றினக் கம்பியை வைத்தால், சுடர் இல்லாமலே கம்பி தகதகவென ஒளிர்ந்தது. வாயு அக்கம்பியின் மேற்பரப்பிலே எரிந்தது, கம்பியோ தேயவில்லை. தான் மாறாமல் பிறபொருளின் மாற்றத்தை விரைவுபடுத்தும் இத்தன்மைக்கு 1835இல் சுவீடன் நாட்டு அறிஞர் பெர்சீலியஸ் பெயர் சூட்டினார். அதையே நாம் வினையூக்கம் என்கிறோம்.

இவ்வுண்மையை மோட்டார் வண்டியோடு இணைத்தவர் பிரெஞ்சு நாட்டுப் பொறியியலாளர் யூஜீன் ஹூட்றி. 1892இல் பிறந்த இவர் மோட்டார்ப் பந்தயத்திலே தீராத வேட்கை கொண்டவர். பந்தய வண்டிக்கு மேலும் வலுவூட்டும் நல்ல எரிபொருள் வேண்டும் என்ற எண்ணமே இவரை வேதியியலின் பக்கம் இழுத்தது. கனத்த எண்ணெயை வினையூக்கியின் துணையால் சிதைத்து உயர்ந்த பெற்றோலாக்கும் முறையை இவர் கண்டுபிடித்தார். அமெரிக்காவிலே 1930களில் அது தொழில்முறையாக வளர்ந்தது. இரண்டாம் உலகப் போரில் நேச நாட்டு விமானங்களுக்கு உயர்தர எரிபொருள் தந்தது.

லொஸ் ஏஞ்சல்ஸ் நகரிலே கண்ணை எரிக்கும் புகைமூட்டம் பரவிற்று. மோட்டார் வண்டிகளின் கழிவாவி வெயிலிலே மாற்றமடைந்து அப்புகைமூட்டத்தை உண்டாக்குகிறது என்பதை ஹாகன்-ஸ்மிட் என்ற வேதியியலறிஞர் 1950களின் தொடக்கத்தில் எடுத்துக்காட்டினார். எஞ்சினுக்கு வலுத் தேடிய ஹூட்றி, அவ்வெஞ்சின் கக்கும் நஞ்சைத் தணிக்கும் வழியையும் தேடத் தலைப்பட்டார். 1956இல் வினையூக்கி மாற்றிக்கான காப்புரிமை அவருக்குக் கிடைத்தது. எந்தப் பந்தய வேட்கையின் பெயரால் இன்று இக்கருவி வெட்டியெறியப்படுகிறதோ, அதே பந்தய வேட்கையிலே வளர்ந்த ஒருவரின் கையிலேதான் இக்கருவி உருப்பெற்றது என்பதை நேயர்கள் கவனித்தல் வேண்டும்.

ஆயினும் ஹூட்றியின் கருவி உடனே வீதிக்கு வர இயலவில்லை. இடையிலே ஈயம் நின்றது. எஞ்சினில் எழும் தட்டொலியை அடக்கப் பெற்றோலில் ஈயச் சேர்மம் கலக்கும் முறை 1921இல் அமெரிக்காவில் கண்டுபிடிக்கப்பட்டு உலகெங்கும் பரவியிருந்தது. அவ்வீயம் வினையூக்கியின்மேல் படிந்து, சில தாங்கிப் பெற்றோல் எரிவதற்குள்ளேயே அதைச் செயலற்றதாக்கிவிடும். ஹூட்றி 1962இல் மறைந்தார். அமெரிக்கா 1970இல் தூய காற்றுச் சட்டத்தைக் கடுமையாக்கிய பின்னரே, ஈயமற்ற பெற்றோலோடு இக்கருவியும் 1975ஆம் ஆண்டுக் கார்களில் பரவலாக இடம்பெற்றது.

அந்த முதல் தலைமுறைக் கருவிகள் சில, புகையின் போக்கைத் தடுத்தது உண்மையே. அதே காலத்தில் எஞ்சின்களின் அமுக்க விகிதமும் குறைக்கப்பட்டிருந்தது. இரண்டும் சேர, அக்கார்கள் வலுவிழந்து காணப்பட்டன. பழி முழுவதும் புதுக் கருவியின் தலையில் விழுந்தது. “மாற்றியை எடு, வலு வரும்” என்ற நம்பிக்கை அன்று வேரூன்றி, காரணம் மறைந்த பின்னும் உலகைச் சுற்றி வருகிறது.

இன்றைய கருவியின் அமைப்பே வேறு. தேன்கூடு போன்ற பீங்கான் அமைப்பிலே ஆயிரக்கணக்கான நுண்துளைகள் உள்ளன. அத்துளைகளின் சுவர்களிலே பிளாற்றினம், பலேடியம், ரோடியம் ஆகிய அரிய உலோகங்கள் சில கிராம் அளவிற் பூசப்பட்டிருக்கும். காபனோரொட்சைட்டையும் எரியாத ஐதரோகாபன்களையும் இக்கருவி எரித்து, காபனீரொட்சைட்டாகவும் நீராவியாகவும் மாற்றும். நைதரசன் ஒட்சைட்டுகளை வெறும் நைதரசனாக்கும். நன்கு சூடேறிய நிலையில், காற்றும் பெற்றோலும் உரிய அளவிற் கலந்திருந்தால், இம்மூன்று நஞ்சுகளிலும் நூற்றுக்குத் தொண்ணூறு பங்குக்கு மேல் அகற்றிவிடும்.

அண்டை நாடாகிய இந்தியாவிலே சென்னை முதலிய நான்கு பெருநகரங்களில் விற்கப்படும் புதிய பெற்றோல் கார்களுக்கு இக்கருவி 1995ஆம் ஆண்டு ஏப்ரல் முதலாக வேண்டப்பட்டது. இலங்கையிலே ஈயம் கலந்த பெற்றோல் 2002ஆம் ஆண்டில் நிறுத்தப்பட்டது. 2008இல் மேல் மாகாணத்தில் தொடங்கி, வாகனப் புகைப் பரிசோதனை பின்னர் பிற மாகாணங்களுக்கும் விரிந்தது. அச்சான்றிதழ் இன்றி ஆண்டுதோறும் பெறவேண்டிய வருமான உத்தரவுப்பத்திரத்தைப் பெற இயலாது. 2020இல் வாகன இறக்குமதி நிறுத்தப்பட்டு, தனியார் கார்களுக்கு 2025இல்தான் மீண்டும் வழி திறந்தது. இடைப்பட்ட ஆண்டுகளில் இருந்த வண்டிகளே மூப்படைந்தன. அவற்றின் கருவிகளும் மூப்படைந்தன.

இனி வரவையும் செலவையும் எடைபோட்டுப் பார்ப்போம். நல்ல நிலையிலுள்ள இக்காலத்துக் கருவி ஒன்றை நீக்குவதால் சாதாரணக் காருக்குக் கிடைக்கும் மேலதிக வலு நூற்றுக்குச் சில பங்கே. உயரத்தினால் இழந்ததோ நூற்றுக்கு இருபது பங்கு. அவ்விழப்பு காற்று உள்ளே வரும் வாயிலில் நேர்ந்தது. அதைப் புகை வெளியேறும் வாயிலைத் திறந்து ஈடுசெய்ய இயலாது. காதைத் துளைக்கும் ஓசைதான் வலுக் கூடிவிட்டது என்ற மயக்கத்தைத் தருகிறது. அன்றியும், கருவிக்குப் பின்னுள்ள உணர்கருவி குறையைக் கண்டு, ஓட்டுபவரின் முன்னே எச்சரிக்கை விளக்கை ஏற்றிவைக்கும்.

கருவி அடைபட்டுப் போன வண்டி மெய்யாகவே திணறும். அதை நீக்கியதும் உயிர் பெற்றதுபோல ஓடும். இதைக் கண்டவர் கருவியே குற்றவாளி என்று தீர்ப்புக் கூறுவர். ஆனால் கருவி தானாக அடைபடுவதில்லை. எஞ்சின் ஒயில் எரிவதாலோ, தீப்பொறி தவறி எரியாத பெற்றோல் புகைக்குழாயிற் சென்று எரிவதாலோதான் அது பாழாகிறது. மூல நோயைத் தீர்த்துக் கருவியைப் புதுப்பித்தலே முறையான சிகிச்சை. செலவு மிகுதி என்பதை மறுப்பதற்கில்லை. அரிய உலோகங்களின் விலை அத்தகையது. அவ்விலையே, வெட்டியெடுத்த கருவியை விற்றுக் காசாக்கும் ஆசையையும் தூண்டுகிறது.

செலவுப் பக்கத்தில் எழுதவேண்டியது இன்னும் பெரிது. நூற்றுக்குத் தொண்ணூறு பங்கு நஞ்சை அகற்றிய கருவி போனால், வெளிவரும் நஞ்சு பத்து மடங்காகலாம். காபனோரொட்சைட்டுக்கு நிறமில்லை, மணமில்லை. அது குருதியிலுள்ள ஈமோகுளோபினை ஒட்சிசனைக் காட்டிலும் இருநூறு மடங்குக்கு மேல் வலுவாகப் பற்றிக்கொள்ளும். ஒட்சிசன் ஏற்கெனவே குறைந்த மலைக்காற்றிலே இதன் தீமை மேலும் கூடும். நுவரெலியாவோ பீதுருதாலகாலை மலையின் அடியிலே கிண்ணம் போல் அமைந்த ஊர். குளிர்ந்த இரவுகளிலே கனத்த காற்று அக்கிண்ணத்தின் அடியில் தங்கிவிடும். புகையும் அதனோடு தங்கும்.

அங்கே அப்புகையைச் சுவாசிப்பவர் யார்? வண்டியோட்டுபவர் கண்ணாடியை ஏற்றிக்கொண்டு கடந்து போய்விடுவார். பாதையோரத்து லயத்திலே விறகடுப்பின் புகையை ஏற்கெனவே உண்டு வாழும் குடும்பம் அங்கேயே இருக்கும். காலையிலே பெரட்டுக் களத்துக்குச் செல்லும் தொழிலாளியும், கொழுந்து நிறுக்கக் காத்திருக்கும் பெண்ணும், பனிமூட்டத்திலே பாடசாலைக்கு நடக்கும் பிள்ளையும் அதைச் சுவாசிப்பர். அன்று கார் வரும்போது ஓரமாய் ஒதுங்கி நின்றவனின் பேரப்பிள்ளைகளே இவர்கள். பாதையை அமைத்த குடும்பத்துக்கு நாம் தரும் கைம்மாறு இதுவாகலாமா?

மோட்டார்ப் பந்தயத்தை நாம் குறை கூறவில்லை. பந்தயத்துக்கென்றே அமைந்த வண்டிகள் பலவற்றில் இக்கருவி இருப்பதில்லை. அவை மூடப்பட்ட பாதையிலே சில நிமிடங்கள் ஓடி நின்றுவிடும். வீதியில் ஓடும் வண்டியோ ஆண்டு முழுவதும் பிறர் வாசல்களைக் கடந்து ஓடுவது. வலு வேண்டுவோருக்கு நேர்மையான வழிகள் உள்ளன. காற்று வடிகட்டியைத் துப்புரவாக வைத்தல், தீப்பொறிக் கட்டைகளைக் காலத்தில் மாற்றுதல், சக்கரங்களில் உரிய காற்றமுக்கம் பேணுதல், தேவையற்ற பாரத்தை இறக்குதல், ஏற்றத்துக்கேற்ற கியரில் ஓட்டுதல் என்பன அவை. மலையில் நெடுக ஓடவேண்டிய வண்டியை வாங்குவோர், காற்றை அழுத்தி உள்ளே செலுத்தும் ரேபோ அமைந்த எஞ்சினைத் தேர்ந்துகொண்டால் உயரத்தின் குறையைப் பெரிதும் வெல்லலாம்.

கண்ணை விற்றுச் சித்திரம் வாங்கிய கதையை நம் முன்னோர் சொல்லிவைத்தனர். இங்கே விற்கப்படுவது பிறருடைய மூச்சு. வாங்கப்படுவது வெறும் ஓசை. வலுவை விரும்பிய ஹூட்றி, அவ்வலுவோடு கூடவே ஒரு பொறுப்பும் வருகிறது என்பதை உணர்ந்து அதற்கொரு கருவியும் செய்து வைத்தார். மலைப்பாதையிலே சக்கரத்தைத் திருப்பும் ஒவ்வொருவரும் அப்பொறுப்பைத் தம்முடையதாகக் கொண்டால், சித்திரை மாதத்து மலைக்காற்று அங்கே வாழ்வோருக்கும் வந்துபோவோருக்கும் ஒன்றுபோல் தூயதாக இருக்கும்.